ஏழு பூட்டுப் போட்ட முன்கதவு

தேத்தண்ணிக்கு நன்றி. சீனி கொஞ்சம் கூடிவிட்டது, ஆனால் நான் இங்கே குறை சொல்ல வரவில்லை. என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

உங்கள் பொலிஸ் நிலையச் சார்ஜன் காலையிலிருந்து மூன்று தடவை என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். என் பேரில் ஒருவரும் முறைப்பாடு தரவில்லையாம். முறைப்பாடு இல்லாவிட்டால் குற்றம் இல்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டேன். அவர் மேசை லாச்சியைத் திறந்தார். பிறகு ஒரு பேனையும் ஆறு தாளும் தந்து, வாங்கில் உட்கார்ந்து எழுதுங்கள், பொறுப்பதிகாரி வந்ததும் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நல்ல மனிதர். ஆனால் முப்பத்தொரு வருடம் தபாற் கந்தோரில் இருந்தவனுக்குக் கோடு போடாத தாளைக் கொடுத்திருக்கக் கூடாது.

என் பெயர் செல்லத்துரை கனகசபேசன். வயது அறுபத்திரண்டு. ஓய்வுபெற்ற உப தபாலதிபர். கலியாணம் செய்யவில்லை. சரவணையில் சொந்த வீடு. எனக்கு ஒரே தங்கை, சறோஜினிதேவி. வயது ஐம்பத்திரண்டு, பள்ளிக்கூட ஆசிரியை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான் என்று முப்பது வருடம் ஓடிவிட்டது. அவள் ஒரு கிழமை பயிற்சி வகுப்புக்கு என்று வவுனியாவுக்குப் போனால் எனக்குச் சாப்பாடு இறங்காது. நான் செய்தது அத்தனையும் அவளைக் கள்ளரிடமிருந்து காப்பாற்றுவதற்காகத்தான். இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். கடைசியில் தாள் போதாமல் போகலாம்.

கதவைப் பற்றிச் சொல்லாமல் மிச்சம் விளங்காது. கள்ளர் கதவை உடைத்துவிட்டார்கள் என்று சனம் சொல்லும். கதவு உடைவதில்லை. உதைத்தால் கதவு அப்படியே நிற்கும். நாதாங்கியைப் பிடித்திருக்கும் நிலை, சுற்றியுள்ள அந்த மரச்சட்டம்தான் பிளக்கும். கடையில் பூட்டு வாங்கினால் கூடவே முக்கால் அங்குலத் திருகாணி தருவார்கள். அது மரத்தின் தோலோடு நின்றுவிடும். மூன்று அங்குல ஆணி போட்டு, நிலையைத் துளைத்துச் சுவரைப் பிடிக்க வைக்க வேண்டும். நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் சீமெந்து இறுக்க வேண்டும். இதை வாசிகசாலையில் எல்லோருக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். நான் தொடங்கினால் பேப்பரை மடித்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள்.

எனக்கு இது சும்மா வந்த யோசனை அல்ல. தொண்ணூறாம் ஆண்டு நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரை விட்டு ஓடினோம். பதினான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்தால் கூரை இல்லை, கதவு இல்லை, நிலையும் இல்லை. நான் பூட்டிய ஆமைப்பூட்டு மட்டும் மணலில் கிடந்தது. அது பூட்டியபடியே இருந்தது. தேவி அதைக் கையில் எடுத்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பூட்டில் பிழையில்லை, நிலையில்தான் பிழை என்று அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது.

போன வருடம் ஆவணி மாதம் எங்களுக்கு நாலாவது வளவில், கனடாக்காரரின் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் கள்ளர் இறங்கினார்கள். தண்ணீர் மோட்டரையும் குளியலறைப் பைப்புகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த நாளே நான் மண்கும்பானுக்குச் சைக்கிளில் போய், இரும்பு ஒட்டும் கடை வைத்திருக்கும் தவநேசனைக் கூட்டி வந்தேன். ஐம்பத்தைந்து வயது. மனைவி தவறி ஆறேழு வருடம். மகள் பிரான்சில். வேலையில் சுத்தமான ஆள். என் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, முதிரை மரம், கதவு நல்லது அண்ணை, நிலைதான் காணாது, பலம் போதாது என்றார். அந்த ஒரு வசனத்தில் நான் அவரிடம் விழுந்துவிட்டேன். என் வாழ்க்கையில் அப்படிச் சொன்ன முதல் மனிதர் அவர்.

அவர் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது தேவி தேத்தண்ணியோடு வந்து கேட்டாள்.

"அண்ணை, குசினிக் கதவுக்கு ஒண்டும் போடேல்லையோ?"

"குசினிக் கதவாலை ஆர் வருவினம்?"

"எல்லாரும் அதாலைதானே வருகினம்."

"அது எங்கடை ஆக்கள். கள்ளன் எங்கடை ஆளோ?"

அவள் தவநேசனைப் பார்த்தாள். அவர் அளவு நாடாவைப் பார்த்தார். அடுப்படிக்குப் பின்பக்கம் இருக்கும் குசினிக் கதவு என்பது இரண்டு பலகையும் ஒரு தகரமும். அதற்கு மண்டைதீவிலிருந்து நண்டு கொண்டுவரும் யாக்கோப்பு தந்த நீல நைலோன் கயிறு ஒன்று கட்டியிருந்தோம். யாக்கோப்பே அதை அவிழ்த்து, நண்டைச் சட்டியில் போட்டுவிட்டுத் திரும்பக் கட்டிவிட்டுப் போவார். நீங்கள் மட்டக்களப்புப் பக்கம் என்று சார்ஜன் சொன்னார், அதனால் விளக்குகிறேன். எங்கள் பக்கத்தில் குசினி வாசல் வீட்டு மனிதருக்கும் மீனுக்கும். முன்வாசல் மரியாதைக்கு. அந்நியன் எவனும் முதல் முன்வாசலுக்குத்தான் வருவான். கள்ளன் அந்நியன். ஆகவே அவனும் முன்வாசலுக்குத்தான் வரவேண்டும். இதில் இன்றைக்கும் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

முதல் கிழமை கதவுக்குப் பின்னால் இரும்புத் தகடு, மூன்று அங்குல ஆணி, இரண்டு பூட்டு. நான் நிம்மதியாகப் பின்னேரம் மூன்று மணிக்கு வாசிகசாலைக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்பத் தொடங்கினேன். அப்போதுதான் வீட்டில் சில மாற்றங்களைக் கவனித்தேன். பதினான்கு பனங்காய்ப் பணியாரம் வைத்துவிட்டுப் போனால் ஒன்பது இருந்தது. கழுவிக் கவிழ்த்த கோப்பை ஒன்றாக இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தது. ஒருநாள் குசினிக் கதிரையில் இருந்தேன், கதிரை சூடாக இருந்தது. தேவி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள் ஒருவன் வந்து போகிறான். முன்கதவில் ஒரு கீறல் இல்லை. அப்படியென்றால் அவன் சாதாரணக் கள்ளன் அல்ல. நான் உடனே தவநேசனிடம் போனேன். அவர் ஒட்டுவேலைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நிலத்தைப் பார்த்தபடி நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"பணியாரத்தையே அண்ணை எடுத்தவன்?"

"அஞ்சு."

"வேறை ஒண்டும் எடுக்கேல்லையோ?"

"இன்னும் இல்லை."

"உப்பிடியான கள்ளனை நான் கேள்விப்படேல்லை" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. என் கவலை அவருக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்தேன். மூன்றாவது பூட்டை அவர் இரண்டு நாள் எடுத்துப் பொருத்தினார். அதோடு கதவில் ஒரு கண்ணாடித் துளையும் வைக்கச் சொன்னேன். உள்ளே நின்று பார்த்தால் வெளியே நிற்பவர் மூக்குப் பெரிதாகவும் கால் சின்னதாகவும் தெரிவார். கள்ளனை அடையாளம் காட்ட மூக்குப் போதும்.

மூன்றாவது பூட்டோடு தேவி போதும் என்றாள். இத்தனையையும் திறந்துகொண்டு போனால் பள்ளிக்கூடம் பிந்துகிறது, முன்கதவால் போவதையே விட்டுவிட்டேன் என்றாள். சொன்னது நியாயம்தான். ஆனால் ஒரு மனிதர் நியாயம் பேசத் தொடங்கினால் அவருக்கு ஆபத்து விளங்கவில்லை என்று அர்த்தம். அதனால் அவளுக்கு விளங்க வைப்பதற்காக நான் ஒரு வேலை செய்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவள் பள்ளிக்கூடம் போன பிறகு கொட்டிலில் இருந்த இரும்பு அலவாங்கை எடுத்து, என் கதவில் பூட்டுக்குப் பக்கத்தில் மூன்று இடத்தில் நெம்பினேன். முதிரை மரம் லேசில் காயப்படாது. வியர்த்துவிட்டது. ஒரு இடத்தில் என் பெருவிரலும் நசுங்கியது. பிறகு அலவாங்கைக் கழுவி வைத்துவிட்டு, கள்ளன் வந்து போயிருக்கிறான் என்று அவளுக்குக் காட்டினேன்.

அவள் கதவையும் பார்த்தாள், என் பெருவிரலையும் பார்த்தாள்.

"பாவம், கள்ளனுக்கும் நொந்திருக்கும்" என்றாள். "தவநேசன் அண்ணையை வரச் சொல்லுங்கோவன்."

அதற்குப் பிறகு அவள் பூட்டுக்கு எதிராக ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாலாவது பூட்டை அவளே கேட்டாள். ஐந்தாவதுக்கு, குறுக்கே ஒரு இரும்புச் சட்டம் போட்டால் என்ன என்று யோசனையும் சொன்னாள். கதவுக்குக் கீழே காற்று வரும் இடைவெளியையும் தகடு வைத்து அடைத்தோம். அது என் யோசனை. பூட்டுகள் எல்லாம் உள்ளிருந்து திறப்பதற்கும் திறப்பு, அதாவது சாவி, வேண்டும் என்ற மாதிரி வைத்தோம். அதுவும் என் யோசனை. தவநேசன் கிழமைக்கு மூன்று நாள் வந்தார். பணியாரம் குறைவது மட்டும் நிற்கவில்லை. நிற்காததால் நான் அடுத்த பூட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். இந்த இடத்தில் நான் விட்ட பிழை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். எனக்கு அது ஐந்து மாதம் தெரியவில்லை.

மாசி மாதம், ஆறாவது பூட்டு முடிந்த அன்று, தேவியும் தவநேசனும் சேர்ந்து என்னை விறாந்தையில் இருத்தினார்கள். தவநேசன் சட்டைப் பையிலிருந்து மஞ்சளித்த தபால் உறை ஒன்றை எடுத்துத் தேவியிடம் கொடுத்தார். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு அவருடைய வீட்டார் எங்கள் வீட்டுக்கு அனுப்பிய சாதகக் குறிப்பாம். தேவிக்குக் கேட்டு அனுப்பியது. திரும்பி வந்துவிட்டதாம். அதற்குப் பிறகுதான் அவருக்கு வேறு இடத்தில் செய்து வைத்தார்களாம். பழைய பெட்டியைக் கிளறியபோது அகப்பட்டது என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

உறையில் 'பெறுநர் இவ்விலாசத்தில் இல்லை' என்ற முத்திரை இருந்தது. அதற்குக் கீழே ஒரு சுருக்கக் கையொப்பம். தேவிக்கு அந்தக் கையொப்பம் தெரியும். அவளுடைய பள்ளிக்கூட மாற்றக் கடிதத்திலிருந்து மண்ணெண்ணெய் அட்டைவரை அதைத்தான் பார்த்து வளர்ந்தவள்.

இதையும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் ஊரில் ஒரு சின்னத் தபாற் கந்தோர் என் பொறுப்பில் இருந்தது. தங்கைக்கு வரும் குறிப்புகள் வீட்டுக்குப் பெரியவன் என்ற முறையில் என் பெயருக்குத்தான் வரும். திரு. கனகசபேசன் அவர்கள், சரவணை. நான் கந்தோர் மேசையில் இருந்து அந்த உறையை எடுத்து, அப்படி ஒருவர் அந்த விலாசத்தில் இல்லை என்று குத்தி, கையொப்பமிட்டு, அனுப்பியவருக்கே திருப்பிவிடுவேன். பொய் என்று சொல்ல ஏலாது. அந்த நேரத்தில் நான் கந்தோரில் இருந்தேன், விலாசத்தில் இல்லை.

"எத்தினை, அண்ணை?" என்று தேவி கேட்டாள்.

"பதினொண்டு."

"பதினொண்டும் பொருந்தேல்லையோ?"

"திறந்து பாக்கேல்லை" என்றேன். ஒரு தபாலதிபர் திருப்பி அனுப்பும் கடிதத்தைத் திறக்கக் கூடாது. அது ஒழுங்கு.

அவள் உறையை மடித்து வைத்தாள். உள்ளே போய்ச் சமைத்தாள். அன்று தொடக்கம் ஒரு கிழமைக்கு என் சாப்பாட்டில் மட்டும் உப்பு இல்லை. எட்டாம் நாள், வைகாசியில் தவநேசனோடு கலியாணம் என்றாள். கோயில் மண்டபம் வேண்டாம், இந்த வீட்டில்தான் நடக்கும் என்றாள். "நான் இந்த வீட்டிலையிருந்துதான் போவன். முன்வாசலாலை, வலது கால் வைச்சு. மாப்பிள்ளைத் தோழன் நீங்கள்தான். வேறை ஆர் எனக்கு இருக்கினம்?"

மாப்பிள்ளைத் தோழன் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொம்பிளையின் சகோதரன் வாசலில் நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே எடுக்க வேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு ஒரு மோதிரம் போடுவார். ஐந்து மாதமாக என் பணியாரத்தைத் தின்ற கால் அது. நான் சம்மதித்தேன். ஏழாவது பூட்டையும் போடச் சொன்னேன். கலியாண வீட்டில் நகை இருக்கும் என்றேன். தவநேசன் தன் கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முதல் வந்து அதையும் பொருத்திக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

கலியாணத்தன்று முகூர்த்தம் ஒன்பது பன்னிரண்டிலிருந்து பத்து இருபத்துநாலு வரை. உள்ளே ஐயர் ஓமத்துக்கு ஆயத்தம். தேவி பட்டுச் சீலையோடு அறையில். அயலட்டைப் பெண்கள் குசினியில். எட்டு ஐம்பதுக்கு நான் ஏழு பூட்டையும் பூட்டினேன். குறுக்குச் சட்டத்தையும் போட்டேன். ஏழு திறப்பும் ஒரே வளையத்தில் இருந்தன. குசினி வாசலால் பின்வளவுக்குப் போய், வளையத்தைக் கிணற்றுக்குள் போட்டேன். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு வந்து, முன்கதவுக்குப் பின்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்தேன். மனம் அமைதியாக இருந்தது.

பின்வாசல் திறந்துதானே இருந்தது, இதில் என்ன பயன் என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் என் திட்டம் நின்றது. மேளத்தோடு வந்த மாப்பிள்ளை வீட்டார் கதவைத் தட்டினார்கள். உள்ளேயிருந்த பெண்கள் யன்னலால் எட்டிப் பார்த்து, திறப்பைக் காணவில்லை, பின்பக்கத்தால் வாருங்கள் என்றார்கள். மேளம் நின்றது. தவநேசனின் மாமி இலட்சுமிப்பிள்ளை முன்னுக்கு வந்தார். துளைக்குள்ளால் அவருடைய மூக்குத்தி எலுமிச்சங்காய் அளவில் தெரிந்தது.

"மாப்பிள்ளையைக் குசினி வாசலாலை எடுக்கிறது எந்த ஊர்ப் பழக்கம்? நாங்கள் என்ன மீன் விக்கவே வந்தனாங்கள்? கதவைத் திறந்தால் வாறம். இல்லாட்டி வந்த வழியாலை போறம்."

நான் எதிர்பார்த்த வசனம் சொல்லுக்குச் சொல் அதுதான். எனக்கு அந்த அம்மாவின் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

கதவை உடைப்போம் என்று இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். பிறகு தோளைத் தடவிக்கொண்டு தள்ளி நின்றார்கள். தவநேசன் தலைப்பாகையோடு வந்து நிலையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"உது உடையாது" என்றார். மற்றவர்களுக்குச் சொன்னாரா தனக்கே சொன்னாரா தெரியவில்லை. கொஞ்சம் பெருமையும் இருந்தது. கதவைத் தாங்கும் பிணைச்சலைக் கழற்றலாமே என்று யாரோ கேட்டார்கள். பிணைச்சல் உள்பக்கம், அண்ணை சொல்லித்தான் அப்படி வைத்தேன் என்றார். பிறகு துளைக்குக் கிட்ட வந்தார்.

"அண்ணை, உள்ளுக்கை நிக்கிறியளோ?"

"ஓம்."

"நடுப்பூட்டு கொஞ்சம் இறுக்கமாய்க் கிடந்தது. லேசாய்ப் பூட்டினதோ?"

"லேசாய்ப் பூட்டினது. எண்ணெய் விட்டனான்."

"அப்ப சரி" என்றார். அந்த நேரத்தில் அதைக் கேட்கிற மனிதர்.

ஒன்பது முப்பது ஆனது. ஒன்பது ஐம்பது ஆனது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். வெளியே மாமி, வாகனத்தைத் திருப்புங்கோ என்று சொல்வது கேட்டது. நான் கிட்டத்தட்ட வென்றுவிட்டேன். அப்போதுதான் தேவி அறையிலிருந்து வந்தாள். பட்டுச் சீலை, தலை நிறையப் பூ. முப்பது வருடத்தில் அவள் இவ்வளவு வடிவு என்று நான் கவனித்ததே இல்லை. என் கதிரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"திறப்பு எங்கை, அண்ணை?"

"கிணத்துக்கை."

அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. கீழே குந்தி, என் வேட்டித் தலைப்பில் ஒட்டியிருந்த கிணற்றடிப் பாசியைத் தட்டிவிட்டாள்.

"நீ போனால் நான் தனிச்சுப் போவன், பயமாய்க் கிடக்குது எண்டு ஒருக்கால் வாயாலை சொல்லியிருக்கலாமே. அதுக்கு ஏழு பூட்டோ?"

"இது கள்ளருக்கு" என்றேன்.

"ஓம், கள்ளருக்கு" என்றாள். கண்ணைத் துடைத்தாள். "மண்கும்பான் எவ்வளவு தூரம்? சைக்கிளிலை ஒரு கொஞ்ச நேரம். நீங்கள்தானே மாதக் கணக்காய் ஓடினீங்கள், ஆளைக் கூட்டிவர."

அவள் எழும்பினாள். இனி அறைக்குப் போய் அழுவாள், பத்து இருபத்துநாலு தாண்டும், எல்லாம் பழையபடி ஆகும் என்று நினைத்தேன். முன்வாசலால் வலது கால் வைத்துத்தான் போவேன் என்று சொன்னவள் அவள்தானே. கலியாணச் சீலை கட்டிய பெண் எவளும் எங்கள் ஊரில் குசினி வாசலால் கலியாணத்துக்குப் போனதில்லை. அவள் சீலைக் கரையைத் தூக்கிப் பிடித்தாள். அடுப்படியைத் தாண்டினாள், நண்டுச் சட்டியைத் தாண்டினாள். நீலக் கயிற்றை அவிழ்த்துப் பின்வளவுக்குள் இறங்கிவிட்டாள். எந்தக் கால் முதல் என்று நான் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பெண்கள் போனார்கள். பிறகு ஐயர் கும்பத்தைத் தூக்கிக்கொண்டு போனார். வெளியே நல்ல காற்று என்றுவேறு சொன்னார்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு அவள் முன்வாசலுக்கு வந்ததைத் துளைக்குள்ளால் பார்த்தேன். மாமி வாய் திறந்தபடி நின்றார்.

"நீங்கள் ஒருதரும் குசினியாலை வரத் தேவையில்லை, மாமி. நான் வந்திட்டன்" என்றாள் தேவி.

இலட்சுமிப்பிள்ளை அவளை மேலும் கீழும் பார்த்தார். சீலைக் கரையில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டினார். "அப்ப மேளக்காரரைச் சும்மா நிக்க விடாமல் அடிக்கச் சொல்லுங்கோ" என்றார்.

என் வீட்டுப் படியில், என் கதவுக்கு முன்னால், எனக்கு மூன்று அடி தூரத்தில் கலியாணம் நடந்தது. கால் கழுவும் நேரம் வந்தபோது ஐயர், தோழன் எங்கே என்று கேட்டார். யாரோ ஒருவர், வேறு ஆளை விடுவோம் என்றார். வேண்டாம், என் தோழன் உள்ளே நிற்கிறார் என்று தேவி சொன்னாள். எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். எல்லா மூக்கும் ஒரே நேரத்தில் பெரிதாகத் தெரிந்தது. நான் எழும்பிக் குசினியால் ஓடியிருக்கலாம். முப்பது அடி. என் கால் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

தவநேசன் குனிந்து, எனக்கென்று கொண்டுவந்த மோதிரத்தைக் கதவுக்குக் கீழால் தள்ளிப் பார்த்தார். அது தகட்டில் இடித்து டிக் டிக் என்றது. மூன்று தடவை இடித்தது. பிறகு நின்றது. அந்த இடைவெளியை அவர் எனக்கு நன்றாகத்தான் அடைத்துத் தந்திருந்தார். பத்து பத்தொன்பதுக்குக் கெட்டிமேளம் கேட்டது. தகடு போட்ட கதவால் அது சின்னச் சத்தமாகத்தான் வந்தது. நான் கதிரையில் இருந்து அழுதேன். இதைச் சாட்சி இல்லாமல் நீங்கள் எழுத மாட்டீர்கள், அதனால் நானே எழுதுகிறேன்.

இது நடந்து ஒன்பது நாள். முன்கதவு இன்னும் பூட்டியபடியே இருக்கிறது. நானும் குசினி வாசலால்தான் போய் வருகிறேன். இந்த ஒன்பது நாளில் என் வீட்டுக்குள் ஒன்பது தடவை அத்துமீறி நுழைந்திருக்கிறார்கள். நான் வாசிகசாலைக்குப் போகும் நேரம் பார்த்து வருகிறார்கள். ஒன்றும் எடுப்பதில்லை. ஒருநாள் நண்டுக்குழம்பு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருநாள் என் வேட்டிகளைத் தோய்த்துக் காயப் போட்டிருந்தது. உப்பு எல்லாம் அளவாக இருக்கிறது. ஆறாம் நாள் சாப்பாட்டுப் பெட்டி மூடியில், ஒரு துண்டு நீல நைலோன் கயிற்றில் கோத்து அந்த மோதிரம் கட்டியிருந்தது. சான்றுப் பொருளாக ஒப்படைப்போம் என்றுதான் இன்றைக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். காலையிலிருந்து கழற்றப் பார்க்கிறேன், விரலை விட்டு வரமாட்டேன் என்கிறது.

ஆகவே என் குற்றங்கள்: சுபகாரியத்தைத் தடுத்தது, சொந்தக் கதவை அலவாங்கால் நெம்பியது, பதினொரு தடவை நான் அந்த விலாசத்தில் இல்லை என்று சொன்னது. எல்லாம் அவளுடைய பாதுகாப்புக்காக என்று முதல் தாளில் எழுதியிருக்கிறேன். அதை வெட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன். வெட்டினால் தாள் அசிங்கமாகிவிடும், கிடக்கட்டும். எனக்கு உரிய தண்டனையைத் தாருங்கள். வீட்டில் சத்தமே இல்லை. இங்கே உங்கள் கைதிக் கூட்டுக்குள் இரண்டு பேர் இருந்து கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது ஆளுக்கு இடம் இருக்கிறது போல் தெரிகிறது.

உள்ளே போடுவதற்கு முதல் ஒரு விசயம். காலையிலிருந்து அந்தக் கூட்டின் கம்பிக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதவு நல்லது, நிலைதான் காணாது. ஆணி எல்லாம் முக்கால் அங்குலம், இரண்டு உதை தாங்காது. மண்கும்பானில் சுத்தமான வேலைகாரர் ஒருவர் இருக்கிறார். நீங்கள் சொன்னால் நானே போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன். பின்னேரம் தேத்தண்ணி நேரம் போனால் இரண்டு பேரும் வீட்டில்தான் இருப்பார்கள். பெயர் தவநேசன். என் மச்சான்.